நானூறு பைகளில் ஒரு பெயர்

லிந்துலை டவுனைச் சுற்றியிருக்கும் தேயிலைத் தோட்டங்களில் எந்த வீட்டில் என்ன சமையல் என்று தெரிய வேண்டுமானால் அந்த வீட்டுக்காரரைக் கேட்டுப் பிரயோசனமில்லை. பிரேமினியைக் கேட்க வேண்டும். இக்ராம் முதலாளியின் பலசரக்குக் கடையில் பில் போடும் மேசைக்குப் பின்னால் ஐந்து வருடமாக நிற்கிறாள். சம்பளம் கைக்கு வருகிற பத்தாம் திகதியை ஒட்டிப் பெரிய பால்மாப் பெட்டி போகும். இருபதாம் திகதி தாண்டினால் அதே வீட்டுக்குச் சின்னப் பக்கெட். மாதக் கடைசியில் ஷாம்பு ஒற்றை ஒற்றைப் பக்கெட்டாகக் கிழிபடும். கருவாடு மட்டும் எந்தத் திகதியிலும் குறையாது. மாலை போட்டு விரதம் இருந்த காலத்தில் கால் கிலோ நெத்தலி வாங்கிவிட்டு, கேட்காமலே "பூனைக்கு" என்று சொன்ன ஒருவரையும் அவளுக்குத் தெரியும். யார் என்று சொல்ல மாட்டாள்.

இப்படி ஊரார் விஷயத்தையெல்லாம் வாய்க்குள் பூட்டி வைத்திருந்தவளின் சொந்த விஷயம், நானூறு துணிப் பைகளில் அச்சாகி, ஊரார் கையிலேயே தொங்கிக்கொண்டு நடமாடியது. நியாயம் என்று ஒன்று இருந்தால் இப்படி நடக்கலாமா என்று நீங்கள் கேட்கலாம். பிரேமினியும் கேட்டாள்.

அவளுக்கு இருபத்தெட்டு வயது. பிறந்தது மேல் டிவிஷன் லயத்தில், தோட்டத்து வரிசை வீடொன்றில். உயர்தரம் வரை படித்தாள், இரண்டு வருடம் கொழும்பில் ஒரு கார்மண்டில் தையல் வேலைக்கு நின்றாள், அந்த வெக்கை ஒத்துக்கொள்ளவில்லை என்று திரும்பி வந்து இந்தக் கடையில் சேர்ந்தாள். அம்மா சண்முகவடிவு கொழுந்து பறிக்கிறாள். அப்பா நல்லமுத்துவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அந்த அப்பா ஒரு தடவை சாமி கும்பிட இந்தியா போனவர், திருச்சியில் தூரத்துச் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கும் போய் வந்தார். போன இடத்தில் மலைக்கோட்டையைப் பார்த்தாரோ இல்லையோ, கல்யாணப் பையைப் பார்த்துவிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் தேங்காயும் வெற்றிலையும் போட்டு, பொண்ணு மாப்பிள்ளை பெயர் அச்சடித்த துணிப் பையைக் கொடுத்தார்களாம். நம் பக்கத்தில் ஒரு துண்டு கேக்கைச் சுற்றிக் கொடுத்து அனுப்பிவிடுகிறோமே என்று அவருக்கு ஒரே வெட்கம். என் மகள் கல்யாணத்துக்குப் பைதான் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்.

மாப்பிள்ளை கிஷாந்த், தலவாக்கலைப் பக்கத்துப் பையன், கொழும்பில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. நாள் குறித்தார்கள். நல்லமுத்து ஹட்டனுக்குப் போய் நானூறு பைக்கு ஓர்டர் கொடுத்தார். நல்ல தடித்த மஞ்சள் துணி, தோளில் மாட்டுகிற அளவுக்கு நீளமான பிடி. 'பிரேமினி' என்று மேலே, 'கிஷாந்த்' என்று கீழே, இடையில் ஒரு ஹார்ட், அடியில் 'வருகைக்கு நன்றி'. அச்சடித்தவரிடம் சாயம் போகுமா என்று மூன்று தடவை கேட்டார். ஆயிரம் தடவை கழுவினாலும் போகாது என்று அந்த மனுஷன் சத்தியம் பண்ணினார். அந்தச் சத்தியத்தை அவர் காப்பாற்றியது போல் இந்த நாட்டில் வேறு யாரும் ஒரு சத்தியத்தைக் காப்பாற்றியதில்லை.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது பிரேமினி வேண்டாம் என்றாள்.

நடந்தது இவ்வளவுதான். சேலை எடுக்க இரண்டு பேரும் ஹட்டனுக்குப் போனார்கள். பிரேமினி ஒரு கரும்பச்சைச் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கிஷாந்த் வேறொன்றை எடுத்துக் கடைக்காரப் பையனிடம் கொடுத்து, "அவளுக்கு இது போதும்" என்றான். செருப்புக் கடையில் அவள் ஒன்றைப் போட்டு நடந்து பார்க்கும்போதே இன்னொன்றைக் காட்டி அதையே சொன்னான். பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில் அவள் வடை கேட்டாள். அவன் சர்வரைத் தடுத்து, ஒரு பிளேன்டீ, அவளுக்கு இது போதும் என்றான். மூன்று தடவையும் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. கெட்டவன் இல்லை, குடிக்கிறவன் இல்லை. ஆனால் ஐந்து வருடமாக ஊருக்கே இது போதுமா, இன்னும் வேண்டுமா என்று கேட்டுக் கேட்டுப் பில் போடுகிறவளுக்கு, தன்னை ஒருவரும் கேட்காத ஒரு வீட்டில் ஆயுள் முழுக்க இருக்க முடியாது என்று அன்றைக்குப் பஸ்ஸிலேயே தெரிந்துவிட்டது.

வீட்டில் சொன்னபோது நல்லமுத்து திகைத்துப் போனார். அடித்தானா, குடித்தானா, வேறு யாரும் இருக்கிறார்களா என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்று பதில் வந்தது. ஒரு வடைக்காகவா என்று அவர் வாயைத் திறக்கும்போது, அடுப்புப் பக்கம் இருந்த சண்முகவடிவு எழுந்து வந்தாள்.

"எனக்கு முப்பது வருசமா வெளங்காதது அவளுக்கு ஒரே நாள்ல வெளங்கிருச்சு. நிப்பாட்டிருங்க" என்றாள்.

நல்லமுத்து அந்த முப்பது வருடத்தைப் பற்றி மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. கல்யாணம் நின்றது.

காரணத்தை வெளியே சொல்லவில்லை. சொல்லாத இடத்தை ஊர் சும்மா விடுமா? மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஏற்கெனவே ஒரு குடும்பம் என்றார்கள். நகை குறைந்தது என்றார்கள். பிரேமினிக்கு ஒரு பஸ் கண்டக்டர் மேல் கண் என்றார்கள். இதில் பாதி, கீழ் லயத்துச் செல்லசாமி மாமாவின் சொந்தத் தயாரிப்பு. ஃபெக்டரியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு ஊர் வாய்தான் உத்தியோகம். எந்தக் காரணம் சொன்னாலும் 'பிரேமினி–கிஷாந்த்' என்று ஒரே மூச்சில்தான் சொன்னார்கள். அதுதான் அவளைச் சுட்டது. தன் பெயரை அந்தப் பெயரிலிருந்து பிரித்து எடுத்தால் போதும், தலைநிமிர்ந்து கடை மேசைக்குப் பின்னால் நிற்கலாம். அவள் கேட்டது அது ஒன்றுதான்.

நானூறு பையும் பரணுக்குப் போயின. நல்லமுத்து எழுத்தை அழிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பாடுபட்டார். சோடாத் தூள் போட்டு அவித்தார், மண்ணெண்ணெய் தடவினார். துணியின் மஞ்சள் வெளுத்தது. எழுத்து முன்னை விடப் பளிச்சென்று தெரிந்தது.

ஆறேழு மாதம் போனது. அந்த நேரம் பார்த்துத்தான் கடைகளில் சிலிசிலி பேக்கை, அதுதான் பொலித்தீன் பையை, சும்மா கொடுக்கக் கூடாது, காசு வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. பிரேமினி ஒவ்வொருவரிடமும் "பேக் இருக்கா, வேணுமா, வேணும்னா காசு" என்று கேட்க வேண்டியதாயிற்று. பருப்புக்கும் சீனிக்கும் மறுபேச்சில்லாமல் கொடுத்தவர்கள், பேக்குக்குக் காசு என்றதும் கொதித்தார்கள். ஒருவர் மூன்று கிலோ மாவை இடுப்பில் கட்டியிருந்த சாரத்தில் ஏந்திக்கொண்டு போனார். இன்னொரு அக்கா வெங்காயத்தைக் குடைக்குள் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தே போனார். என்ன ஆனாலும் அரசாங்கத்துக்கு ஒரு பேக் காசு கூடத் தர மாட்டேன் என்றார். அந்தக் காசு அரசாங்கத்துக்குப் போகாது என்று பிரேமினி சொன்னதை அவர் நம்பவில்லை.

அந்த மாதம் கீழ் லயத்தில் மூக்கன் தாத்தா காலமானார். சாவு வீடென்றால் தோட்டமே ஒரு வீடு. அரிசி, சீனி, பாண், பிஸ்கட் என்று டவுனுக்கு ஆள் ஓடும். பை வேண்டும், பை வேண்டும் என்று கேட்டார்கள். நல்லமுத்துவுக்கு அவசரத்தில் ஒன்றும் தோன்றவில்லை, பரணில் ஏறி முப்பது பையை அள்ளிக் கொடுத்துவிட்டார். இரண்டு நாளும் மூக்கன் தாத்தா வீட்டு வாசலில் வரிசையாக மஞ்சள் பைகள் ஆணியில் தொங்கின. துக்கம் விசாரிக்க வந்தவர்களை எல்லாம் 'வருகைக்கு நன்றி' என்று அவை வரவேற்றன. வந்த ஓர் உறவினர் நின்று முழுவதையும் வாசித்துவிட்டு, தாத்தாவுக்கு இது எத்தனையாவது கல்யாணம் என்று கேட்டாராம். சாவு வீட்டில் சிரிக்கக் கூடாது என்பதால் எல்லோரும் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்கள்.

முப்பது பையில் ஒன்றுகூடத் திரும்பவில்லை. கொண்டுபோனவர்கள் பையின் அருமையைக் கண்டுகொண்டார்கள். பத்துக் கிலோ மாவுக்கும் அசையவில்லை. தோளில் மாட்டிக்கொண்டு லயத்துப் படி ஏறலாம், இரண்டு கையும் வீசிக்கொண்டு. பனிமூட்டத்தில் மஞ்சள் தூரத்திலேயே தெரிவதால் பஸ்காரன் நிறுத்துகிறான். பக்கத்து வீட்டுக்கு ஒன்று, அவர்களுடைய தங்கச்சிக்கு ஒன்று என்று சண்முகவடிவிடம் கேட்டு வந்தார்கள். கேட்டவர்களை இல்லையென்று அனுப்பும் குணம் அவளுக்குக் கிடையாது. இரண்டு மாதத்தில் பரண் காலி.

முதல் பையைக் கடைக்குக் கொண்டுவந்தவர் வேறு யார், செல்லசாமி மாமாதான். மேசையில் விரித்து வைத்து, "போடும்மா" என்றார். பிரேமினி தன் பெயருக்குள் ஒரு கிலோ கருவாட்டைப் போட்டுக் கொடுத்தாள். அன்றைக்குச் சாயந்தரத்துக்குள் பதினொரு பை வந்தன. ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே பிரித்து, அவள் கையாலேயே நிரப்ப வேண்டும். சிலர் பையைப் பார்த்து, பிறகு அவளைப் பார்த்து, உச்சுக் கொட்டினார்கள். அந்தச் சத்தம் அவளுக்குக் காதில் ஊசி ஏற்றியது.

வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சண்டை போட்டாள். பிறகு காரியத்தில் இறங்கினாள். ஹட்டனிலிருந்து சாதாரணக் கறுப்புப் பைகள் வாங்கி வந்து, பழைய பையைத் தந்தால் புதுப் பை இலவசம் என்று கடை வாசலில் எழுதி ஒட்டினாள். ஊர் கறுப்புப் பையைக் கையில் வாங்கிப் பார்த்தது, இழுத்துப் பார்த்தது, முகத்தைச் சுளித்தது. பிடி கட்டை, தோளில் ஏறாது என்றார்கள். கறுப்புப் பையோடு நல்ல காரியத்துக்குப் போக முடியுமா என்றார்கள். அசீசா உம்மா என்ற அம்மா, அவள் மேல் பாசம் உள்ளவர், உன் பெயர் போட்ட பை என்றுதானே நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன், அதையா கேட்கிறாய் என்று கோபித்துக்கொண்டார். ஒரு மாதத்தில் திரும்பி வந்தது இருபத்திரண்டு. அதில் பதினைந்து ஓட்டை.

பிறகு பத்தாம் திகதி கழிந்த முதல் சனிக்கிழமை வந்தது. கடை வாசல் வரை வரிசை. வரிசை முழுவதும் மஞ்சள். நடுவில் ஒரு பெண் பருப்பு, சீனி, இரண்டு சவர்க்காரம், ஒரு தேங்காய் எல்லாம் மேசையில் வைத்து, பில் போட்டு முடியும் வரை பேசாமல் நின்றாள். பிறகு குனிந்திருந்த முகத்தை நிமிர்த்தினாள். கிஷாந்தின் அக்கா சுதர்ஷினி.

அவள் வந்த காரணத்தை வரிசை முழுவதுக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். தம்பிக்கு அக்கரப்பத்தனையில் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண்ணின் மாமா பஸ்ஸில் வரும்போது எதிரே ஒரு பை, இந்தப் பக்கம் ஒரு பை, தலைக்கு மேல் தட்டில் ஒரு பை. எல்லாவற்றிலும் மாப்பிள்ளை பெயர், பக்கத்தில் வேறொரு பெண். இறங்கினவர் நேராகப் பெண் வீட்டுக்குப் போய், இந்தப் பையனுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது, அதுவும் ஊரைக் கூட்டி ஆகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார்.

"வேணும்னே தானே ஊர் பூரா குடுத்து வச்சிருக்கீங்க? ஒரு வாரத்துல எல்லாத்தையும் சேத்து எரிச்சிரு. இல்லன்னா ஒங்கிட்ட இருந்த கொறையினாலதான் நாங்க நிப்பாட்டுனோம்னு சொல்லிருவோம். தம்பி அப்படித்தான் சொல்லச் சொன்னான்."

பிரேமினிக்கு முதலில் வந்தது கோபம் இல்லை, ஒரு விசித்திரமான எண்ணம். இவள் கேட்பதைத்தானே நானும் ஒரு மாதமாகச் செய்துகொண்டிருக்கிறேன்? சரி என்று சொன்னால் இரண்டு பேருக்கும் காரியம் முடிந்தது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: இத்தனை நாளும் அவளே தன் பெயரையும் சேர்த்துத்தான் அழிக்கப் பார்த்திருக்கிறாள். கிஷாந்துக்குத் தொல்லை என்றால் நானூறு வீட்டிலிருந்து அவள் பெயர் போக வேண்டும். இப்போதும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடிவெடுத்துவிட்டு ஆள் அனுப்பியிருக்கிறான்.

"நிப்பாட்டுனது நாந்தான்" என்றாள். சேலையையும் செருப்பையும் வடையையும் வரிசையாகச் சொன்னாள். "மூணு தடவையும் எங்கிட்ட கேக்கல. என் மூஞ்சியக் கூடப் பாக்கல. அதான் வேணாம்னேன்."

ஒரு வருடமாக ஊர் மென்றுகொண்டிருந்த ரகசியம் இவ்வளவுதான் என்று தெரிந்ததும் செல்லசாமி மாமாவின் முகம் விழுந்துவிட்டது. கண்டக்டரும் இல்லை, கொழும்புக் குடும்பமும் இல்லை. ஒரு வடை.

"இவ்வளவுதானா?" என்றார் மனம் உடைந்து.

"அது சின்ன விசயமா?" என்று பின்னாலிருந்து அசீசா உம்மா கேட்டார். "ஒங்க வீட்டுல போதுமான்னு யாரையாச்சும் கேட்டுப் பாத்திருக்கீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் செல்லசாமி மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் பையைப் பார்த்துக்கொண்டார்.

பிரேமினி அரிசி மூட்டைகளில் விலை எழுதும் தடித்த மார்க்கர் பேனாவை எடுத்தாள். செல்லசாமி மாமாவின் பையை மேசை மேல் இழுத்துப் போட்டு, 'கிஷாந்த்' என்ற எழுத்தின் மேல் அகலமாக, கறுப்பாக, ஒரு பட்டை அடித்தாள். அடித்தவள் ஹார்ட்டின் மேலும் பேனாவைக் கொண்டுபோனாள்.

"அத விட்டு வையேம்மா, அழகா இருக்கு" என்றார் அவர்.

விட்டு வைத்தாள். பையைத் திருப்பினாள். நல்லமுத்து எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் இல்லை, இரண்டு பக்கமும் அச்சடித்திருந்தார். அங்கேயும் ஒரு பட்டை அடித்தாள்.

"ஒங்க தம்பி பேர நான் எடுத்துர்றேன்க்கா, அது அவருக்குத் தொந்தரவுதான். என் பேரு இருக்கட்டும்" என்றாள் சுதர்ஷினியிடம்.

அடுத்த பை மேசைக்கு வந்தது. அதற்கடுத்தது. யாரும் கூப்பிடவில்லை, வரிசை தானாக நகர்ந்தது. மார்க்கர் வாசம் கருவாட்டு வாசத்தை அமுக்கிக்கொண்டு எழுந்தது. ஒரு வருடமாக நெஞ்சில் ஏதோ ஒன்று கனத்துக்கொண்டிருந்ததே, அது ஒவ்வொரு பட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவது பிரேமினிக்குத் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படாமல் சந்தோஷப்பட்டாள்.

தம்பியின் பெயர் போய்விட்டது, சுதர்ஷினி கேட்டு வந்ததும் அதுதானே. சாமானை அள்ளினாள். தேங்காய் உருண்டது, சவர்க்காரம் நழுவியது. வெளியே லிந்துலை மழை பிடித்துக்கொண்டது. ஒரு பேக் கொடுங்கள், காசு தருகிறேன் என்றாள் கீழ்க்குரலில்.

பிரேமினி எடுக்கக் குனிந்தாள். அதற்குள் இக்ராம் முதலாளி, காலடியில் இருந்த பேக் கட்டைச் செருப்பாலேயே மேசைக்கடியில் தள்ளிவிட்டு, பேக் முடிந்துவிட்டது மகள் என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார்.

செல்லசாமி மாமா தன் பையிலிருந்த சாமானைச் சாரத்துக்கு மாற்றிக்கொண்டார். காலிப் பையைச் சுதர்ஷினியிடம் நீட்டி, "கொண்டு போங்க. திருப்பித் தர வேணாம், வீட்டுல இன்னும் நாலு இருக்கு" என்றார்.

வேறு வழியில்லை, வாங்கிக்கொண்டாள். பஸ் ஸ்டாண்ட் வரை கடைகள், கடைகள் நெடுக மழைக்கு ஒதுங்கிய ஆட்கள். நாலு அடி போனதும் பெயர் வெளியே தெரிகிறது என்று கவனித்து, பையைச் சட்டென்று மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள். அந்தப் பக்கமும் பிரேமினிதான்.